கடன் என்ற சொல் வரும் கடிதங்கள்

மல்லாவியில் மின்சாரம் போனால்
இந்த மடிக்கணினிக்கு நாற்பது நிமிஷம் உயிர்.
திட்டக்காரர் விட்டுப்போனது. படம் காட்டாது,
பக்கம் திறக்கச் சொன்னால் மூச்சிரைக்கும்.
அதனால் கறுப்புத் திரை, வெறும் எழுத்து,
வரிக்கு ஒரு கடிதம்.

கமக்காரர் அமைப்புக்கு இவ்வளவு கடிதம் வருமென்று
சம்பளம் பேசும்போது யாரும் சொல்லவில்லை.
விதைநெல் கம்பனி. லீசிங் கம்பனி.
திணைக்களத்துச் சுற்றறிக்கை சிங்களத்தில் புறப்பட்டு
இங்கே வந்து கேள்விக்குறிகளாய்க் கொட்டும்.
சில நாள் அதுவே சரியான கடிதமாய் இருக்கும்.

அமைப்புகளை எழுதிவைக்கும் கோப்பின் பெயர்
புள்ளியில் தொடங்கும். பட்டியலில் நிற்காது,
தெரிந்தவர் கேட்டால்தான் வெளியே வரும்.
அப்படி நாங்களும் கொஞ்சக்காலம் இருந்தோம்.

திணைக்களத்துக்குப் பச்சை.
யானைவேலி முறைப்பாட்டுக்கு மஞ்சள்.
வங்கிக்கு நிறம் வேண்டாமென்று விட்டேன்.

பள்ளிக்கூடத்தில், புள்ளி வைத்தால்
எழுத்து வாயை மூடிக்கொள்ளும்.
இங்கே புள்ளி என்றால்
எந்த எழுத்தும் வந்து நிற்கலாம்.
பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டால்
எத்தனை பேரும் வரலாம்,
ஒருவரும் வராமலும் இருக்கலாம்.
இதைப் படித்த இரவு நெடுநேரம் நித்திரை இல்லை.

விதிகள் மேலிருந்து கீழே ஓடும்.
முதல் துருசு திறந்திருந்தால்
தண்ணீர் இரண்டாவதைத் தேடிப் போகாது.
வாய்க்கால் கடைசிக் காணிக்காரர்
போகத்துக்குப் போகம் வந்து சத்தம்போடும் விஷயம்தான்.

நான் எழுதிய முதல் விதி:
தலைப்பிலோ உள்ளேயோ 'கடன்' என்று இருந்தால்
குப்பைப் பெட்டிக்குப் போ.
நுண்கடன், நகைக்கடன், உழவியந்திரக் கடன்,
இரண்டு நாளில் கிடைக்கும் கடன்,
அடுத்த வீட்டுக்காரி கையெழுத்துப் போட்டால்
ஒரே நாளில்.
அன்று பின்னேரம் திரை காலியாய்க் கிடந்தது.
ஒரு பிளேன்டீ ஊற்றி ஆறுதலாய்க் குடித்தேன்.

சிறுபோகக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு
இடமில்லை என்றது கணினி.
குப்பையை அழிக்கப் போனேன். ஆயிரத்து நானூறு.
மொத்தமாய்க் குறித்துவிட்டு விரலை வைத்த இடத்தில்
ஒரு ஆளின் பெயர். சசிரூபன், ஸ்ரவங்கர்.

கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாய்
பிரிந்து நின்றது கடிதம். சேர்த்துச் சேர்த்து வாசித்தேன்.
'வதனி அக்கா, அமைப்பின்ர விலாசம் பேஸ்புக்கில எடுத்தனான்.
உங்களுக்கு நான் ஒரு கடன் தரவேணும்.
இரணைப்பாலையில ஒரு தறப்பாள்.
நீலம். ஒரு மூலை எரிஞ்சது.
விடியத் தாறன் எண்டு வாங்கினனான்.
விடிய நாங்கள் அங்க இல்லை.'

ஏழு கிழமை பழசு.
அதற்குக் கீழே இன்னொன்று:
'கடன் விஷயமா எழுதினனான் அக்கா, கிடைச்சதா?'
மூன்றாவதைத் தேடினேன். இல்லை.

தறப்பாள் நினைவிருக்கிறது. ஆளை நினைவில்லை.
அதைத் தூக்கிக் கொடுத்ததற்கு அம்மா
மாத்தளன் வரைக்கும் என்னை ஏசிக்கொண்டு வந்தா.
பிறகு ஏசவில்லை.

விதிக்கு மேலே ஒரு விதி எழுதினேன்:
இந்தப் பெயர் வந்தால் உள்ளே விடு.
எழுதிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
பெயர் தெரியாதவன்தானே அன்றைக்கு வந்து கேட்டான்.
இரண்டு வரியையும் அழித்தேன்.

இப்போது காலையில் ஐம்பது கடன் வருகிறது.
ஒவ்வொன்றாய்த் திறந்து பார்த்துத்தான் அழிக்கிறேன்.
இதற்கா சம்பளம் என்கிறார் செயலாளர்.
நியாயம்தான்.

சசிரூபனுக்கு நாலு முறை எழுதி நாலு முறை அழித்து
கடைசியில் இவ்வளவுதான் வந்தது:
'தம்பி, நான் தரேக்க
ஒரு மூலையும் எரிஞ்சிருக்கேல்லை.'

அனுப்பு என்று அழுத்தவும் மின்சாரம் போகவும் சரி.
தொடர்பில்லை, வரிசையில் வைத்திருக்கிறேன் என்றது திரை.
நாற்பது நிமிஷம் இருக்கிறது.